நல்ல தண்ணிக் கிணறு

என் மனைவி மீனலோசனிக்குக் கடவுளில் நம்பிக்கை உண்டு, சாத்திரத்தில் பாதி உண்டு, பத்திரிகையில் வரும் உடல்நலக் குறிப்புகளில் மட்டும் எள்ளளவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை எங்கள் புங்குடுதீவுக்கு மத்தியான பஸ்ஸில் வரும். நான் முன்பக்கத்தைப் படித்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது அவள் உட்பக்கத்தை உருவிக்கொண்டு குசினி வாசலில் குந்திவிடுவாள். அந்தப் பக்கம் அவளுக்குப் படிப்பதற்கு அல்ல, சண்டை பிடிப்பதற்கு.

"இஞ்சேருங்கோ, தேங்காய் கூடாதாம். கொழுப்பாம்," என்பாள். "ஆரிலை சோதிச்சவங்கள் எண்டு பாத்தா, எலியிலையாம். எலி எங்கை, நாங்கள் எங்கை? எலி தேங்காய்ப்பாலிலை சொதி வைச்சுச் சாப்பிடுமோ?"

"எழுதினவர் படிச்ச மனுசன்."

"போன வரியம் முட்டை கூடாதெண்டு எழுதினவரும் படிச்ச மனுசன்தான். இப்ப பாருங்கோ, பிள்ளையளுக்கு ஒவ்வொரு நாளும் முட்டை குடுக்கட்டாம். இடையிலை கோழி திருந்தீட்டுதோ?"

அவளிடம் இருந்தது ஒரே ஒரு அளவுகோல். ஒரு மருந்தையோ மாவையோ நல்லது என்று யாராவது சொன்னால், அதை விற்பவன் யார் என்று முதலில் பார்ப்பாள். விற்பவன் இருந்தால் பாதிப் பொய். அவனே அதே பத்திரிகையில் விளம்பரமும் போட்டிருந்தால் முழுப் பொய். முப்பது வருடம் கொழும்பில் சாப்பாட்டுக் கடை நடத்திய எனக்கு இதை மறுத்துப் பேச வாய் வராது. எங்கள் கடை வடையைப் பற்றி நானே என்னென்ன புளுகியிருப்பேன்!

அந்தக் கடை எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்துபோயிற்று. அகதி முகாமில் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கி, உடுத்த சாரத்தோடு புங்குடுதீவு மடத்துவெளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன் நான் இந்த வீட்டுக்கு விருந்தாளி. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவேன், சோடாவும் சீலையும் கொண்டுவருவேன், போய்விடுவேன். மகளை வளர்த்து, கலியாணம் செய்துவைத்து வவுனியாவுக்கு அனுப்பி, பனையும் வளவும் பார்த்தது எல்லாம் அவள்தான். இப்போது நிரந்தரமாக வந்து உட்கார்ந்திருக்கிற புருஷனை என்ன செய்வது என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும்தான்.

எண்பத்தாறு சித்திரையில் எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. காலையில் எழும்பினால் பிடரி கனத்தது. சந்தியில் வாடகை அறை ஒன்றில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர் ஐயாத்துரையிடம் போனோம். அவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தீவுக்கு வெளியே கோப்பாய் ஆள். காலையில் பஸ்ஸில் வருவார், சாப்பாட்டுப் பெட்டியையும் தேத்தண்ணி பிளாஸ்க்கையும் மேசைக்குக் கீழே வைப்பார், மத்தியானம் திரும்பும் பஸ்ஸில் போய்விடுவார். கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, பாதரசம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "பிறஷர் நல்லாக் கூட," என்றார்.

நான் பயந்துபோனேன். மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே பயந்தேன். என் தமையனார் இதே ஊரில் கிணற்றடியில் வாளியோடு விழுந்தவர். வாய் கோணி, ஒரு பக்கம் செத்து, பேச முடியாமல் கட்டிலில் கிடந்து, கண்ணால் மட்டும் ஆட்களைப் பார்த்துப் பார்த்தே போய்ச் சேர்ந்தார். சாவது ஒரு பயம், அப்படிக் கிடப்பது அதைவிடப் பெரிய பயம்.

"தீவாருக்கு உப்பு வாய்," என்றார் டொக்டர். "கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய். என்னட்டை வாற ஆக்களிலை பாதிப் பேருக்கு இந்தப் பிறஷர் வருத்தம்தான். உப்பை நிப்பாட்டுங்கோ. இந்தக் குளிசையை ஒவ்வொரு நாளும் போடுங்கோ. கடை எரிஞ்சதை யோசிக்காதேங்கோ, யோசனையும் ஒரு காரணம்."

மீனலோசனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் வாயைத் திறந்தாள்.

"முகாமிலை இருக்கேக்கை உங்களை டொக்டர்மார் பாத்தவை எண்டு சொன்னனீங்கள் எல்லே?"

"ஓம், எல்லாரையும் வரிசையா நிப்பாட்டிப் பாத்தவை."

"பிறஷரும் பாத்தவையோ?"

"பாத்தவை. நல்லா இருக்கு எண்டவை."

"அப்ப கடை எரிஞ்சு அந்தக் கிழமை, உயிர் தப்புமோ தப்பாதோ எண்டு இருக்கேக்கை சரியா இருந்த பிறஷர், ஊருக்கு வந்து மூண்டு வரியம் சாப்பிட்டு நித்திரை கொண்டபிறகு ஏன் ஏறினது? யோசனையாலையோ?"

அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும். எல்லாரும் தலையாட்டிவிட்டு வருகிற இடத்தில் அவளுக்கு ஒரு கேள்வி முளைத்துவிடும், பிறகு அது அவளை நித்திரை கொள்ள விடாது. சரி, அவள் நித்திரை கொள்ளாவிட்டால் எனக்கும் நித்திரை இல்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். உப்பை நிறுத்துவது. குளிசையை அலுமாரியில் வைப்பது. "இரண்டையும் சேத்துச் செய்தா எது வேலை செய்ததெண்டு எப்பிடித் தெரியும்? முதல் உப்பைப் பாப்பம்," என்றாள். டொக்டரின் பேச்சில் பாதியைச் சோதிக்கிறாளாம். சோதனைக்கு எலி வேண்டுமே. அந்த எலி நான்தான்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் அது கோப்பையிலே வந்தது. உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத முருங்கைக்காய்க் குழம்பு, உப்பில்லாத புட்டு. ஊறுகாய்ச் சாடி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. பின்வீட்டுப் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை தன் கையால் பிடித்த திருக்கையைக் கருவாடு போட்டுக் கொண்டுவந்து தந்தபோது வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொன்னவர்கள், உப்பிடாதவரை என்ன செய்வது என்று சொல்லாமல் போய்விட்டார்கள். நான் நாள் முழுவதும் அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போனோம். வள்ளம் ஏறும் இடத்தில் யாரோ ஒருவர் எல்லாருக்கும் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றார். காலையில் எழுந்ததும், வாய் கொப்பளிப்பதற்கு முன்பே, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தால் தலையிடி, சலரோகம், பிறஷர் எல்லாம் போகும் என்று அதில் அச்சடித்திருந்தது. மீனலோசனி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். விலை இல்லை, விலாசம் இல்லை, கொம்பனிப் பெயர் இல்லை.

"இதை விக்கிறவன் ஒருத்தனும் இல்லை," என்றாள். "விக்கிறவன் இல்லாத மருந்து பொய் சொல்லாது."

"ஒரு நேரத்திலை ஒண்டைத்தான் சோதிக்க வேணும் எண்டு சொன்னனீர்?"

"தண்ணி மருந்தே? தண்ணி தண்ணிதானே. இதைவிட இயற்கையாய் என்ன இருக்கு?"

மறுநாள் தொடக்கம் விடியலில் செம்பும் கையுமாகக் கட்டிலடியில் நிற்பாள். ஒரு செம்பு, இன்னொரு செம்பு, பிறகு 'இதையும் குடிச்சு முடியுங்கோ' என்று ஒரு மூக்குப்பேணி. வயிற்றில் அலை அடிக்கும். நடந்தால் தளும்பும் சத்தம் எனக்கே கேட்கும். தண்ணீர் அவள் சும்மா அள்ளிய தண்ணீர் அல்ல. எங்கள் வளவுக் கிணறு உவர், அது குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும்தான். குடிக்கிற தண்ணீருக்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் போகவேண்டும். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்று, கோடையில் ஊற்று வரும்வரை காத்திருந்து அள்ளுவார்கள். அந்தக் கிணற்றைப் பற்றி எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணிக்கு ஒரு பிடிப்பு இருக்கிறது என்பார்கள். நானும் கொழும்பில் இருந்த காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

ஆவணி பிறந்ததும் டொக்டரிடம் போனோம். அவர் பட்டியைச் சுற்றினார், காற்றடித்தார், கழற்றினார், மறுபடி சுற்றினார்.

"முந்தியைவிடக் கூட," என்றார். "குளிசை போடுறனீங்களோ?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஒளிக்கவில்லை. "குளிசை போடேல்லை. நீங்கள் சொன்ன மாதிரி உப்பை நிப்பாட்டினனான். சுத்தமா நிப்பாட்டினனான். உப்பாலைதான் ஏறுதெண்டா இறங்கியிருக்க வேணும். ஏன் ஏறினது?"

டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "உப்பை நிப்பாட்டினா ஏறாது, அம்மா. உங்கடை வீட்டிலை ஆரோ உப்புப் போடுகினம். ஒண்டில் நீங்கள் போடுறியள், இல்லாட்டி அவர் கள்ளமாய்ச் சாப்பிடுறார்."

"என்னைக் கள்ளி எண்டு சொல்லுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. சாப்பாட்டிலை இல்லையெண்டா வேறை எங்கையாலை வருது? தண்ணி என்ன தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"நல்ல தண்ணிதான். தூரம் எண்டும் பாராமல் நடந்து போய் நல்ல தண்ணிக் கிணத்திலை அள்ளிக்கொண்டு வாறனான்."

"நல்ல தண்ணியெண்டா ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார் டொக்டர். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. உப்புக்கும் பிறஷருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் மனைவி மரியநாயகிக்கு வேலிக்கு மேலால் விளக்கம் சொன்னாள். தானே சோதித்துப் பார்த்தாளாம். எலியில் அல்ல, மனுஷனில். அந்த மனுஷன் உள்ளே பிடரியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். இவளுடைய சோதனை முடியும்போது சோதனைப் பொருள் மிஞ்சுமா என்று எனக்குச் சந்தேகம் வரத் தொடங்கியிருந்தது.

அந்த மாதம் கடைசியில் கோண்டாவிலில் அவளுடைய தங்கை சறோஜினிதேவி வீட்டில், மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு. இரண்டு நாளில் திரும்புவதாகப் போனோம். போன மறுநாள் பட்டணத்துக் கோட்டையிலிருந்து ஆமிக்காரர் ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். கடலுக்குக் குறுக்கே தீவுக்குப் போகும் பண்ணைப் பாதை மூடிவிட்டது, பஸ் இல்லை. சடங்குக்கு வந்த தீவார் எல்லாரும் சடங்கு வீட்டிலேயே குடியிருக்க வேண்டியதாயிற்று. ஒரு கிழமை என்று நினைத்தது நாலு கிழமை, ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது.

பத்தியம் என்று சொல்லித் தங்கையின் குசினியில் தனிச்சட்டி வைக்க மீனலோசனிக்கு வெட்கம். இருபது பேர் சாப்பிடுகிற வீட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. உப்புக்கும் பிறஷருக்கும் சம்பந்தமில்லை என்று அவளே தீர்ப்புச் சொல்லியும் ஆயிற்று. நான் சாப்பிட்டேன். மோர்மிளகாய் பொரித்துச் சாப்பிட்டேன், எலுமிச்சங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன், உப்புப் போட்ட கஞ்சியை இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன். நாக்கு உயிர்த்துவிட்டது. விடியற் காலைத் தண்ணீர் வைத்தியத்தை மட்டும் அவள் விடவில்லை. தங்கையின் செம்பால் தங்கையின் கிணற்றுத் தண்ணீரை அதே கணக்கில் ஊற்றினாள்.

ஆச்சரியம் என்னவென்றால் எனக்குப் பிடரிக் கனம் குறைந்துவிட்டது. ஷெல் சத்தத்துக்கு நடுவில், இருபது பேரோடு ஒரு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, நான் குழந்தைப்பிள்ளை மாதிரி நித்திரை கொண்டேன். பாதை திறந்து ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மனைவியிடம் அதைச் சொன்னேன். சந்தியில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் அளந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியளோ, நல்லா இறங்கியிருக்கு. இப்ப விளங்குதோ அம்மா? ஒழுங்காய் உப்பை நிப்பாட்டினா இறங்கும் எண்டு நான் அப்பவே சொன்னனான்."

மீனலோசனி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நீங்கள் சொல்லுங்கோ," என்று என்னைக் காட்டினாள். நான் மோர்மிளகாய் தொடக்கம் உப்புக் கஞ்சிவரை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது எனக்கு விளங்கேல்லை," என்றார். நல்ல மனுஷன், விளங்காததை விளங்கவில்லை என்று சொன்னார். மீனலோசனிக்கு அவரிடம் முதன்முதலாக மரியாதை வந்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

"எனக்கும் விளங்கேல்லை," என்றாள் அவள். "இஞ்சை உப்பில்லாமல் ஏறுது, அங்கை உப்போடை இறங்குது. இஞ்சை இருந்து அங்கை என்ன மாறினது? அதைத்தான் பிடிக்க வேணும்."

அன்று பின்னேரம் முழுவதும் அவள் மாறியவற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அரிசி இரண்டு இடத்திலும் ஒரே கூப்பன் அரிசி. நித்திரை அங்கே குறைய வேண்டியது, கூடியிருக்கிறது. "என்ரை தங்கச்சியின்ரை முகம் பாத்ததாலை இறங்கினதோ?" என்று என்னைக் கேட்டாள். அதற்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் இருமினேன்.

பயணத்துக்கென்று கோண்டாவிலில் நிரப்பிய தண்ணீர் ஒரு பெரிய போத்தலில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. மறுநாள் காலை அவள் நல்ல தண்ணிக் கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்து, களைப்பில் குடத்தைச் சரித்துக் கைமண்டையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். துப்பிவிட்டு மறுபடி குடித்தாள்.

"இஞ்சேருங்கோ, கிணத்துக்கை ஆரும் உப்புக் கொட்டினதோ?"

நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கும் கரித்தது. மரியநாயகியைக் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுத்தாள். அவள் நாலு கிழமையும் ஊரிலேயே இருந்தவள். "நல்ல தண்ணிதானே அக்கா, என்ன பிழை?" என்று பேணியை வடித்துவிட்டுக் கொடுத்தாள்.

மீனலோசனி குசினிக்குள் போனாள். அடுப்பில் இரண்டு தாச்சியை வைத்தாள். ஒன்றில் போத்தல் தண்ணீர் ஒரு செம்பு, மற்றதில் குடத்துத் தண்ணீர் ஒரு செம்பு. பனமட்டையை வைத்து எரித்தாள். சோறு வைக்கவில்லை, தேத்தண்ணி வைக்கவில்லை, பச்சைத் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் அடுப்படியில் இருந்தோம். யாராவது வந்து பார்த்திருந்தால் இரண்டுக்கும் விசர் என்று போயிருப்பார்கள். எனக்கும் பசி மறந்துவிட்டது. என்ன வரப்போகிறது என்று பார்க்கிற ஆசை, அவளிடமிருந்து எனக்கும் தொற்றிவிட்டது.

போத்தல் தண்ணீர் வற்றிய தாச்சியில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு மாதிரி ஒன்று இருந்தது. மற்றத் தாச்சியின் அடி முழுவதும் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தது. மீனலோசனி அதை அகப்பைக் காம்பால் சுரண்டினாள். ஒரு சிட்டிகை அல்ல, ஒரு குழம்புக்குப் போடக் காணும் அளவு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு," என்றாள்.

பிறகு முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். "கறியிலை ஒரு கல்லு உப்புப் போடாமல் காவல் இருந்தனான். விடிய விடிய என்ரை கையாலைதானே செம்பு செம்பாய் உங்களுக்கு இதை ஊத்தினனான்," என்று அழுதாள். கடை எரிந்து நான் வந்து நின்றபோதுகூட அழாதவள். இறங்கித்தானே இருக்கிறது, நான் விழவில்லைத்தானே என்று சொல்லி முதுகைத் தடவினேன்.

சுரண்டிய உப்பை ஒரு கடதாசியில் மடித்துக்கொண்டு டொக்டரிடம் போனோம். அவர் அதைத் தொட்டு ருசி பார்த்தார். எழும்பிப் போய் வெளிவாசலில் நோயாளிகளுக்காக வைத்திருந்த குடத்தில் ஒரு பேணி தண்ணீர் எடுத்துக் குடித்தார். அத்தனை வருடம் பிளாஸ்க்கோடு வந்து போனவர், எங்கள் ஊர்த் தண்ணீரை வாயில் வைத்தது அதுதான் முதல் தடவை. முகத்தைச் சுளித்தார்.

"இதைத்தானோ நல்ல தண்ணி எண்டு சொன்னனீங்கள்?"

"எங்கடை ஊரிலை இதுதான் நல்ல தண்ணி," என்றாள் மீனலோசனி. "மற்றக் கிணத்துத் தண்ணியை மாடும் குடியாது. அதுக்கு இது நல்லது எண்டுதான் அந்தப் பேர்."

"எங்கடை பக்கத்திலை நல்ல தண்ணியெண்டா நல்ல தண்ணி. நான் அதைத்தான் நினைச்சன்." டொக்டர் கதிரையில் சாய்ந்தார். "இஞ்சை வாறவையை எல்லாம் நான் கருவாட்டுக்கு ஏசிக்கொண்டிருந்திருக்கிறன்."

"நீங்கள் சொன்ன உப்புச் சரி. அது இருந்த இடம்தான் பிழை," என்றாள் என் மனைவி. தோற்றும் தோற்காமலும் இருக்கிற ஒரு பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்திருந்தது, துப்புப் பிடித்த சந்தோஷம். எனக்குக் குளிசையைத் தொடங்கும்படியும், குடிக்கிற தண்ணீரைச் சாட்டியிலிருந்து எடுக்கும்படியும் டொக்டர் சொன்னார். பக்கத்துத் தீவு வேலணையில், சாட்டி என்ற இடத்தில் மணலுக்குள் ஊறுகிற தண்ணீர் இனிப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் அங்கேயிருந்துதான் வண்டிலில் கொண்டுவருவார்கள்.

எழும்பும்போது டொக்டர் அவளைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்: "நீங்கள் எவ்வளவு காலமாய் அந்தத் தண்ணி குடிக்கிறியள்?"

"நான் பிறந்து வளந்தது இந்த ஊர்தானே."

"கையை நீட்டுங்கோ."

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தலை சுத்திறதும் இல்லை, ஒண்டும் இல்லை. வருத்தம் அவருக்கு."

"சும்மா பாப்பம். உங்களுக்கு அறிய விருப்பம் இல்லையோ?"

அந்தக் கேள்வியில் அவள் பிடிபட்டுப் போனாள். அறிய விருப்பம் இல்லை என்று சொல்ல அவளால் ஏலாது. கதிரையில் திரும்ப உட்கார்ந்து காப்பை மேலே தள்ளிக் கையை நீட்டினாள். டொக்டர் காற்றடித்தார். நிறுத்திக் காது வைத்தார். மறுபடி இன்னும் மேலே அடித்தார். எனக்கு அளந்தபோதெல்லாம் இரசம் அந்த உயரத்துக்குப் போகவேயில்லை.

"இருநூற்றுப் பத்து," என்றார்.

"மெசின் பிழையாய் இருக்கும். மற்றக் கையிலை பாருங்கோ."

மற்றக் கையிலும் அதுதான்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கொழும்பில் பைப்பைத் திறந்து தண்ணீர் குடித்த அந்த முப்பது வருடமும் இவள் இங்கே வரிசையில் நின்று இதை அள்ளிக் குடித்திருக்கிறாள். என் பிறஷரைப் பற்றி டொக்டரும் இவளும் சண்டை பிடித்தார்கள், பத்திரிகைக்காரன் எழுதினான், நயினாதீவு வள்ளத்தடியில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். இவளுடைய கையை ஒருவரும் பிடித்துப் பார்க்கவில்லை. கூடவே இருந்த நானும் பார்க்கவில்லை.

"குளிசை தாருங்கோ, போடுறன்," என்றாள் மீனலோசனி மெதுவாக. "ஆனா அது உள்ளுக்கை போய் என்ன செய்யும் எண்டு சொல்லித் தாருங்கோ. தெரியாமல் போடமாட்டன்." டொக்டர் ஒரு கடதாசியை எடுத்து இருதயத்தையும் குழாயையும் கீறி விளங்கப்படுத்தினார். அவள் கேட்ட கேள்விகளில் அவர் மத்தியான பஸ்ஸைத் தவறவிட்டார்.

மறுநாள் விடிய நான் சைக்கிளில் இரண்டு பிளாஸ்ரிக் கான் கட்டிக்கொண்டு பாலம் தாண்டிச் சாட்டிக்குப் போனேன். எதிர்க்காற்று. திரும்பி வந்து சேர நன்றாக வெயில் ஏறிவிட்டது. சட்டை நனைந்து மூச்சு வாங்க வந்து நின்ற என்னைத் திட்டிக்கொண்டே கான்களை இறக்கினாள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சோறு போட்டு, சாட்டித் தண்ணீரை மூக்குப்பேணியில் நிறைய வார்த்து என் பக்கத்தில் வைத்தாள்.

சாப்பிட்டுக் கைகழுவ எழும்பியவன் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் தன் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு பழைய குடத்தைச் சரித்துப் பேணியில் வார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறீர்?"

"என்ன செய்யிறன்? தண்ணி வாக்கிறன்."

"உமக்குத்தானே கூட எண்டு டொக்டர் சொன்னவர்! நேற்றுத்தானே சொன்னவர்!"

"இரண்டு கான் எத்தினை நாளைக்குக் காணும்?" என்றாள் நிமிர்ந்து பார்க்காமலே. "அது உங்களுக்கு. எனக்கு இது பழகின தண்ணி. என்னை ஒண்டும் செய்யாது."

எனக்குக் கோபம் வருவது குறைவு. கடை எரிந்ததைத் தெருவில் நின்று பார்த்தபோதுகூட அழுகைதான் வந்தது. அன்று வந்தது கோபம். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாழையடியில் கவிழ்த்தேன். செம்பில் இருந்ததையும், அவள் கையில் இருந்த பேணியைப் பிடுங்கி அதில் இருந்ததையும் ஊற்றினேன்.

"உமக்கென்ன விசரே?" என்று அவள் பின்னால் ஓடி வந்தாள். கோபத்தில் 'நீங்கள்' மறந்து எனக்கு 'நீர்' போட்டதை அவளே கவனிக்கவில்லை. "மாசம் பூராவும் இப்பிடி சைக்கிள் உழக்க உம்மாலை ஏலுமே? விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது?"

"நீர் விழுந்தா ஆர் பாக்கிறது?" என்று கத்தினேன். "நான் ஆரோடை இருக்கிறது, மீனா? எனக்கு ஆர் இருக்கினம்?"

வேலிக்கு அப்பால் மரியநாயகி உலக்கை போடுவதை நிறுத்திவிட்டாள். மீனலோசனி வெறும் குடத்தை நிமிர்த்தி எடுத்தாள். பிறகு உள்ளே வந்து, நான் பாதி குடித்து வைத்திருந்த மூக்குப்பேணியை எடுத்து, அண்ணாந்து, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு பேணியை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ," என்றாள்.

நான் கானைத் தூக்கிச் சரித்தேன். பேணி நிறைந்து வழிந்து கொஞ்சம் நிலத்தில் சிந்தியது. வழக்கமாக இருந்தால் அதற்கும் ஏசியிருப்பாள்.